கரைக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் 4

பாப்பா அம்மாவுக்கு,

அக்கா வீட்டில் நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் வடிந்துவிட்டது. வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல். வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. நேற்று நம்முடையது என்று நினைத்து, பக்கத்து வயலில் அரை நாள் மணல் அள்ளியிருக்கிறேன். பக்கத்து வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, மீதியையும் அள்ளிட்டுப் போப்பா" என்றார். வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

விற்காமல் பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருந்த வெங்காயம் மொத்தமும் அழுகிவிட்டது. தெருமுனை வரை நாற்றம். குழி தோண்டிப் புதைத்தேன்.

நடவுக்கு வந்துவிடு. ஆள் வைக்க வழியில்லை.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


செப்டம்பர் 26

என்னங்க,

கடிதம் கிடைத்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எல்லாம் மணல் புராணம்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆபீஸ்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தில் காய் நறுக்க வேண்டும். முதல் நாளே வெங்காயத்தைக் கொடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மேற்பார்வை பார்க்கிற அம்மா, "பழக்கமில்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அது கப்பலில் வந்த வெங்காயமாம். நம் பக்கத்து விளைச்சல் வெள்ளத்தில் போனதால் வெளியிலிருந்து இறக்குகிறார்கள். கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. அக்கா ஒன்றை நறுக்கிப் பாதியை மறுநாளுக்கு எடுத்து வைக்கிறாள்.

பாப்பாவை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டேன். நடவுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். அதற்கு மட்டும் இப்போது பதில் கேட்காதீர்கள்.

பாப்பா அம்மா


டிசம்பர் 11

பாப்பா அம்மாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். போதுமா?

ஒரு மூலையை மட்டும் மணல் எடுத்து நட்டுவிட்டேன். மாடுகளை விற்றுத்தான் விதை வாங்கினேன். தீவனம் இல்லாமல் எல்லாரும் ஒரே வாரத்தில் சந்தைக்கு ஓட்டி வந்ததால், வாங்க வந்தவர்கள் வைத்ததுதான் விலை. சிவப்பு மாடு வண்டியில் ஏற மறுத்தது. நானே தள்ளி ஏற்றினேன்.

பயிர் பரவாயில்லை. ஆனால் நம் வெங்காயத்தை எடுக்கும் வியாபாரியைப் பார்க்கப் போனேன். டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். "உங்க சரக்கு வரும்னு நான் கடையை மூடிட்டு உட்கார முடியுமா? வேற பக்கம் ஆளைப் பிடிச்சிட்டேன்" என்றார். வெள்ளத்தில் பாலம் போனதால் லாரி சுற்றி வந்தால் கட்டுப்படியாகாதாம். அவர் சொன்னதில் தப்பில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்து வயல்காரரும் கிளம்பிவிட்டார். "வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன" என்று சொல்லி வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நீ வந்தால் தெம்பாக இருக்கும்.

பாப்பா அப்பா


ஜனவரி 19

என்னங்க,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன். நான் திரும்பி வரமாட்டேன்.

இங்கே தூறல் விழுந்தாலே பாப்பா புத்தகப் பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்கிறாள். பிறகு என் செருப்பையும் எடுத்து வைக்கிறாள். அவளை மறுபடி ஆற்றங்கரையில் படுக்கவைக்க என்னால் ஆகாது.

அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கில் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள். உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை வந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்புறம் சண்டை போடலாம்.

பாப்பா அம்மா


மார்ச் 2

பாப்பா அம்மாவுக்கு,

போன வாரம் வந்திருந்தேன். உன் சமையல்கூட வாசலுக்கு நேர் எதிரே நின்றேன். சாப்பாட்டு நேரம். கூட வேலை பார்க்கிறவர்களோடு படியில் உட்கார்ந்திருந்தாய். யாரோ ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று. கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இங்கே ஆற்றுக்குப் புதுக்கரை போடுகிறார்கள். கரை நம் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே போகிறது. இனி வெள்ளம் வந்தால் ஊர் தப்பிக்கும், நம் வயல் ஆற்றோடு கிடக்கும். கரை போகிற நிலத்துக்குத்தான் நஷ்ட ஈடாம். இன்ஜினியரிடம் கேட்டேன். "உங்க நிலத்தை யாரும் எடுக்கலையே, அப்படியேதானே இருக்கு" என்றார்.

அந்தக் கரையில்தான் இப்போது மண் கொட்டுகிறேன். கூலி ஒழுங்காக வருகிறது. இது முடிந்ததும் இதே ஆட்களோடு அடுத்த ஆற்றுக்குப் போகிறேன். கிடங்கு வாசலில் உட்காரவைத்தால் காலை முதல் மாலை வரை இந்த வயலைப் பற்றித்தான் பேசுவேன். கொஞ்ச நாளில் நீ சிரிப்பதை நிறுத்திவிடுவாய்.

கூலியில் பாதியை அக்கா விலாசத்துக்கு அனுப்புகிறேன். திருப்பி அனுப்பாதே. பாப்பா கேட்டால் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல். அது பொய்யில்லை.

இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

பாப்பா அப்பா