பெரிய வெள்ளிக்கு அடித்த மணி

மரியே வாழ்க

கோவில்பத்து, காரைக்கால்
24-2-1986, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானசௌந்தரி எழுதுகிறேன். அத்தையும் நானும் உடம்புக்குச் சுகம். மனசுதான் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நேற்றிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பக்கத்து வீட்டு லூர்துநாதன் அண்ணன் இன்று ஆறு மணி பஸ்ஸில் மெட்ராஸ் வருகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். இனிக் கிழிக்க நேரமில்லை. மனசில் வருகிறபடிதான் வரும்.

நீங்கள் அனுப்பிய கேசட் வியாழக்கிழமை வந்தது. கூடவே வந்த கடிதத்தில், முதன்முதலாக நானே பொறுப்பெடுத்துச் செய்தது, தவக்காலப் பாட்டு எட்டு, அட்டையில் என் பெயர் வரும், ஐந்தாம் தேதி கம்பெனிக்குக் கடைசிப் பிரதி கொடுக்க வேண்டும், அதற்குள் கேட்டுவிட்டு மறைக்காமல் எழுது என்று எழுதியிருந்தீர்கள். மறைக்காமல் எழுதச் சொன்னது நீங்கள். பிறகு என்மேல் கோபப்படக் கூடாது.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். "எம் புள்ள போட்ட பாட்டு, ஒருத்தரும் பேசப்படாது" என்று உத்தரவு வேறு. முதல் இரண்டு பாட்டும் நன்றாகத்தான் போயின. மூன்றாவது, மாதா சிலுவையடியில் நின்று அழுகிற புலம்பல். பெரிய வெள்ளி மத்தியானம் நம் கோயிலில் பாடுகிறோமே, அதே ராகம். எடுத்த எடுப்பில் டாண், டாண் என்று மணி அடித்தது.

நம் கோயில் மணியை அடிக்கிற கோயில்பிள்ளை இஞ்ஞாசி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "பெரிய வியாழன் கட்டுன மணிய உயிர்ப்புப் பூசைக்குல்ல அவுப்போம்? ஒங்க புள்ள அற்புதராஜ் எப்புடி வெள்ளிக்கெழம அடிச்சான்?" என்று கேட்டார். அத்தை விடுவார்களா, "அது மெட்ராஸ் மணிங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

சேசு மரித்த நேரத்தில் மணி ஊமையாகத்தான் இருக்கும், மரக்கட்டையைத்தான் அடிப்போம் என்று உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? பூசைக்கு உதவி செய்த வயதில், அந்தக் கட்டையை யார் அடிப்பது என்று மரியசெல்வத்தோடு சண்டை போட்டுப் பல்லை உடைத்துக்கொண்டவர் நீங்கள். மாதா கோயில் என்றாலே மணி என்று சினிமாவில் போடுவார்கள். ஸ்டுடியோவில் யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஏன் தலையாட்டினீர்கள்?

மணியை விடுங்கள். மறுநாள் நான் தனியாக உட்கார்ந்து நாலு தடவை கேட்டேன். எட்டுப் பாட்டிலும் உங்களைத் தேடினேன். எல்லாக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கீபோர்டு ஓர் இடத்திலும் வாயை மூடவில்லை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் நாள் முழுக்கப் பாடுகிற கேசட்டுகளோடு இதையும் வைத்தால், எது உங்களுடையது என்று எனக்கே சொல்லத் தெரியாது. எனக்கே தெரியாது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இங்கே இருந்தபோது, பதிவு செய்வதற்கு முன்னால் கோயில் முழுக்கக் கைதட்டிக்கொண்டே நடப்பீர்கள். ஞானசௌந்தரி வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு என்று பெண்கள் கேட்பார்கள். கடைசியில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, என்னை இரண்டு எட்டு தள்ளி நிற்கச் சொல்வீர்கள். மூச்சு வாங்குவது கேட்கிறதே என்று நான் கூசினால், கேட்கட்டும், பாடுவது ஓர் ஆள் என்று தெரிய வேண்டாமா என்பீர்கள். இப்போது, பாட்டுக்கு நடுவில் வந்த மூச்சையெல்லாம் டேப்பிலிருந்து பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினேன் என்று பெருமையாக எழுதுகிறீர்கள். பாடிய பெண்ணுக்கு நல்ல குரல், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கும்போது மூச்சு வாங்காமல் எந்தத் தாய் அழுவாள்?

அந்தப் பாட்டை யார் பாடுவது என்று நாம் பேசி வைத்திருந்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. கம்பெனிக்குத் தெரிந்த குரல்தான் வேண்டும் என்றிருப்பார்கள். அது எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டால் வருத்தம் வராது என்று யார் சொன்னது?

அத்தைக்கு முட்டி வலி தேவலை. உங்கள் சைக்கிளை மரியசெல்வம் கோட்டுச்சேரிமேட்டுக்கு எடுத்துப் போய் ரிம்மைக் கோணலாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கேட்டால் அது முன்னாலேயே கோணல் என்கிறார்.

நேற்றுப் பூசை முடிந்ததும் இஞ்ஞாசி அண்ணனிடம் போய் அந்த மரக்கட்டையைக் கேட்டேன். பெரிய வியாழனுக்கு முன்னால் அதை வெளியே எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அத்தான் செய்த தப்பைத் திருத்தத்தான் கேட்கிறேன் என்று சொன்ன பிறகு, சாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தார். மத்தியானம், கோயிலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நானும் கைதட்டிக்கொண்டே நடந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில்தான் நம் டேப் ரிக்கார்டரை வைத்தேன். அவர் பீடத்தருகே நின்று நிறுத்தி நிறுத்தி அடித்தார். ஒவ்வொரு அடியும் சுவரில் போய் முட்டிக் காய்ந்துபோய்த் திரும்பி வந்தது.

அந்தக் கேசட்டை இதோடு அனுப்புகிறேன். நடுவில் ஒரு காக்கையும் பஸ் ஹார்னும் இருக்கும். மணியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். கம்பெனியில் முகம் சுளித்தால், எங்கள் ஊரில் பெரிய வெள்ளி இப்படித்தான் கேட்கும் என்று சொல்லுங்கள். அட்டையில் உங்கள் பெயர் வரும்போது உள்ளேயும் நீங்கள் இருக்க வேண்டும், அத்தான். கீபோர்டு, எக்கோ எல்லாம் உங்கள் இஷ்டம்.

இன்னொன்று. இஞ்ஞாசி அண்ணன் அடித்து முடித்த பிறகு நான் ரிக்கார்டரை நிறுத்தவில்லை. புலம்பலை முழுதாகப் பாடிவிட்டேன், இரண்டு எட்டு தள்ளி நின்று. சாக்பீஸ் தூசியில் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. மூச்சு எல்லா இடத்திலும் கேட்கும். வேண்டாம் என்றால் கட்டைச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டால் அதை யாரும் சுலபத்தில் அழிக்க முடியாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரண்டையும் உடைத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

லூர்துநாதன் அண்ணன் வாசலில் வந்து நிற்கிறார். உங்கள் காதுகளை மாதா பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
ஞானசௌந்தரி