அண்ணாச்சி என்று சொன்னதற்கு அபராதம்

அண்ணாச்சி,

மூடியைத் திறந்ததும் உங்கள் கடை வாசனை வந்துவிட்டது. யூகலிப்டஸ் தைலமும் பச்சைக் கற்பூரமும் கலந்த அதே வாசனை. இருமல் மிட்டாய் வந்த தகர டப்பா இது. மிட்டாய் தீர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது, வாசனை மட்டும் போகமாட்டேன் என்கிறது. உள்ளே அணாக்களோடு செல்லாத திருவிதாங்கூர்ச் சக்கரக் காசும் கிடக்கிறது. போன வியாழக்கிழமை கோபாலன் சார் சங்கத்து மணியையும் இந்த டப்பாவையும் என் கையில் கொடுத்து, "இனி நீ தன்னே செயலாளர்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு எடுத்து வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். வைத்துக்கொண்டு வேறு வேலை ஓடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த டப்பாவைச் சங்கத்துக்குக் கொண்டுவந்ததே நீங்கள்தான். தம்பானூர் ஓட்டல் மாடியில் சேவைச் சங்கம் தொடங்கிய புதிது. வியாழக்கிழமை சாயங்காலம் மணி அடிக்கும், பெயர் கூப்பிடுவார்கள், வடையும் காப்பியும் வரும், யாராவது விருந்தாளி வந்து தேனீ வளர்ப்பைப் பற்றியோ பல் விளக்குவதைப் பற்றியோ பேசுவார். பிறகு அந்த வாரம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பால் பவுடர், எந்த ஆஸ்பத்திரிக்குக் கம்பளி என்று பேச்சு. இதற்கெல்லாம் மேலாக ஒரு விதி இருந்தது. சங்கத்துக்குள் ஜட்ஜியும் கிடையாது, முதலாளியும் கிடையாது. ஒருவரையொருவர் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சாரோ அண்ணனோ வாயில் வந்தால் அபராதம். "காசு போட ஒரு பெட்டி வேணும்லா?" என்று மறுவாரமே இந்த டப்பாவோடு வந்தீர்கள்.

அதை நிரப்பியது பெரும்பாலும் நான்தான். என் மூத்த அண்ணனோடு படித்தவர் நீங்கள். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து எனக்கு நீங்கள் அண்ணாச்சி. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலைக் கிழிக்கிற இதே வாய்க்கு உங்கள் பெயரைச் சொல்ல வரவில்லை. "என்ன வக்கீலே, இன்னைக்கும் தர்மமா?" என்று நீங்களே டப்பாவைக் குலுக்கிக் காட்டுவீர்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் கூட்டம் முடிந்து வலியசாலைக்கு நடந்துகொண்டிருந்தோம். இந்தக் கோமாளித்தனமான விதியை எடுத்துவிடச் சொல்லி நான் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"அதை மட்டும் செஞ்சிராதடே. கடையில நான் மொதலாளி. வீட்டுல அப்பா. ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. எங்கம்மை போன பொறவு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட ஆளு இல்ல. வியாழக்கிழமை மட்டுந்தான் எனக்குப் பேரு இருக்கு."

சொல்லிவிட்டு வெற்றிலைக் கடையில் பாக்கு வாங்கப் போய்விட்டீர்கள். நான் தீர்மானத்தை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கண் முகாம் நடத்தியது அதற்கு அடுத்த வருஷம். நகரத்திலிருந்து டாக்டர்கள் வந்து கண்புரை அறுத்தார்கள். நாம் எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு மலை இறங்கினோம். இறங்கும்போது நீங்கள் மட்டும் தோட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். தோட்டத்தில் கம்பவுண்டர் வேலைக்கு அப்போது ஆள் இல்லை. கண்ணில் போட்ட கட்டை மாற்றுவது யார், மருந்து விடுவது யார் என்று நம்மில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மருந்துக்கடைக்காரரான உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

உங்கள் கடை இருக்கும் சாலைக் கடைத்தெருவில் அரிசி ஏற்றிக்கொண்டு தோட்டத்து லாரி மலைக்குப் போவது வியாழக்கிழமைகளில் மட்டும். அதில் டிரைவர் பக்கத்தில் நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். மறுநாள்தான் லாரி திரும்பும். ஒரு வியாழன் போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. தொடர்ந்து நான்கு கூட்டம் வராதவரின் இடம் தானாகவே காலி என்பது சங்க விதி. கோபாலன் சார் மராமத்து இலாகாவில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் கட்டிய கையால் விதியையும் கட்டிக் காத்தவர். பெரிய அதிகாரி ஒருவரையே அந்த விதியில் வழியனுப்பி வைத்த மனிதர்.

நாலாவது வியாழனுக்கு முந்தின நாள் மத்தியானம் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் பஞ்சையும் துணியையும் பையில் திணித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரு வாரம் போகாட்டா குடி முழுகிருமா அண்ணாச்சி?"

"இந்த வாரந்தான் மாடத்திக் கிழவிக்குக் கட்டு அவுக்கணும். அவ வேற யாரையும் கிட்ட அண்டவிட மாட்டா. பாஞ்சிருவா."

"அப்பம் உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நோய்னா விதியில விலக்கு இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

"பொய்யைச் சொல்லிட்டு அங்க வந்து எப்படிடே உக்காருவேன்? போடே அங்கிட்டு."

சட்டையிலிருந்து சங்கத்து பேட்ஜைக் கழற்றினீர்கள். சூரணம் மடிக்கிற காகிதத்தில் வைத்து, சூரணம் மடிப்பது போலவே நாலு பக்கமும் மடித்து என்னிடம் நீட்டினீர்கள். "கோபாலங்கிட்ட குடுத்திரு. நல்ல இடம்டே அது" என்றீர்கள். திரும்பிப் பஞ்சைப் பையில் திணிக்க ஆரம்பித்தீர்கள். எனக்கு உங்கள் மேலேயும் கோபம், சங்கத்தின் மேலேயும் கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் கோபாலன் சார் வீட்டுக்குப் போனேன். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். நாம் போட்டோ எடுத்துக்கொண்ட வேலையை அண்ணாச்சி செய்துகொண்டிருக்கிறார், அதற்கு இதுதான் பரிசா என்று கேட்டேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு திரும்ப மடித்தார்.

"விதி எல்லாவர்க்கும் ஒன்னு தன்னே. மாத்த முடியில்லா."

"அப்பம் நானும் வரல்லை இனிமே."

"நீ ஒன்னு பேசாம இரி. கூட்டம் வியாழக்கிழமைன்னு விதி உண்டு. தம்பானூர்லன்னு விதி உண்டோ? இல்லா. முந்தின நாளே எல்லாவரையும் அறிவிக்கணும், அவ்வளவு தன்னே." சட்டையை மாட்டிக்கொண்டார். "வா. எல்லா வீட்டுக்கும் போகணும்."

வியாழன் மத்தியானம் மூன்று காரில் புறப்பட்டோம். விதுரை தாண்டியதும் நம் சங்கத்து ஜட்ஜியின் கார் கொதித்துவிட்டது. ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, தள்ளி, ஏறி, ஒரு வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். வந்தபிறகுதான் தெரிந்தது, எதையும் மறக்காத கோபாலன் சார் மணியை மறந்துவிட்டார் என்று. மணி அடிக்காமல் கூட்டம் தொடங்கினால் அது கூட்டமே இல்லையாம். சுற்றிப் பார்த்தார். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் சேர்க்க அடிக்கிற தண்டவாளத் துண்டு மரத்தில் தொங்கியது. கல்லை எடுத்து ஓங்கி அடித்தார்.

அந்த நேரத்தில் அது அடித்தால் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தம். அது நமக்கு எப்படித் தெரியும்? கூடையோடு பெண்கள் சரிவில் ஓடி வந்தார்கள். லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கங்காணி தலைப்பாகை அவிழ ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினார்.

"ஒன்னும் ஆயில்லா. மீட்டிங் ஆணு" என்றார் கோபாலன் சார்.

எல்லோருக்கும் பின்னால் நீங்கள் ஓடி வந்தீர்கள், கையில் ஈரப் பஞ்சோடு. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றீர்கள். கோபாலன் சார் உங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கம்பீரமாக, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். உங்கள் பெயர் வந்தது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். நீங்கள் ஈரப் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. கட்டு அவிழ்த்த கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, பேத்தியின் தோளைப் பிடித்தபடி மாடத்திக் கிழவி வந்து நின்றாள்.

"ஏவே கோட்டுக்காரரே! யாரைப் பேரு சொல்லிக் கூப்பிடுதீரு? அண்ணாச்சின்னு சொல்லும்வே! மரியாதை தெரியாத மனுசன்!"

தோட்டமே சிரித்தது. ஜட்ஜி சிரித்து இருமினார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நீங்கள் "பிரசன்ட்" என்றீர்கள். கிழவி விருந்தாளி என்பதால் அபராதம் கிடையாது என்று கோபாலன் சார் தீர்ப்புச் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்து பேட்ஜை உங்கள் சட்டையில் அவரே குத்திவிட்டார். உங்கள் சட்டையில் மஞ்சள் மருந்துக் கறை இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து லாரியில் முறை போட்டுக்கொண்டு போனோம்.

எல்லாம் நேற்று நடந்தது போல இருக்கிறது. இந்த வருஷம் நம் ஊரான நாஞ்சில் நாடு சென்னையோடு சேர்ந்தது, கடை இருக்கும் இந்த நகரம் மலையாளத்தோடு நின்றது. இனி நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களிடம், "கடை சாலையில, சங்கம் தம்பானூர்ல, நான் எங்க போக?" என்றீர்கள். அதற்குப் பத்து நாள் கழித்து நெஞ்சு வலி. மதினி சொல்லி நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

போன வியாழன்தான் அதற்குப் பிறகு முதல் கூட்டம். இறந்தவர் பெயரைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டு, பதிலுக்கு மணியை ஒரு முறை அடிப்பது நம் வழக்கம் அல்லவா? கோபாலன் சார் எழுந்தார். இரண்டு பெயர் படித்தார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்கு வய்யா. நீ வாசிக்க" என்றார். செயலாளர் பதவி எனக்கு வந்தது இப்படித்தான்.

வாசித்துக்கொண்டே வந்தேன். உங்கள் பெயர் வந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி" என்றுதான் வந்தது.

கோபாலன் சார் எழுந்து, டப்பாவை எடுத்துக்கொண்டு, என் முன்னால் வந்து நீட்டினார். விதி விதிதான். காசைப் போட்டேன். அவர் நகரவில்லை. தன் சட்டைப் பையில் கைவிட்டு, இருந்த சில்லறை முழுவதையும் அள்ளி உள்ளே போட்டார்.

"அன்னைக்கு அந்த அம்மச்சி ஏசினது முதல், மனசில் நான் அண்ணாச்சின்னு தன்னே விளிச்சது" என்றார். "ஒரு தடவை கூட அபராதம் அடச்சில்லா."

பிறகு மணியை அவரே அடித்தார்.

டப்பா இப்போது என் மேஜையில் இருக்கிறது. இந்த மடலில் அண்ணாச்சி என்று எழுதியதற்கெல்லாம் சேர்த்துக் காசு போட்டுவிட்டேன். இனி வாராவாரம் பெயர் கூப்பிடுவது என் வேலை. கூப்பிட வேண்டிய ஒரு பெயரைக் கூப்பிடாமல் விட்டது நெஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். சற்று முன்னால் கதவைச் சாத்தினேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, உங்கள் பெயரை, முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல், வாய்விட்டு ஒரு தடவை சொன்னேன்.

நல்ல பெயர், அண்ணாச்சி.