அழிந்துபோன உங்கள் திராட்சைக் குறிப்புகள்

பிரியமானவருக்கு,

உங்கள் வலைத்தளம் மறுபடி திறக்கிறது. ஆனால் நீங்கள் பதினோரு வருடம் எழுதிய திராட்சைக் குறிப்புகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அழித்தது நான்தான்.

நீங்கள் கண்மூடிய பிறகு பழைய மென்பொருள் ஓடாமல் தளம் நின்றுவிட்டது. ஓடைப்பட்டியிலிருந்து முருகேசன் தம்பி போன் செய்தார். "மதினி, கொடியில சாம்பல் நோய் விழுந்துருச்சு. அண்ணே எந்த மருந்தை எப்ப அடிக்கச் சொன்னாகன்னு பாக்கணும். பக்கம் தெறக்க மாட்டேங்குது."

தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகள் கவிதா, தானே வந்து புது மென்பொருள் போட்டுத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். கான்வென்ட்டில் படித்த எனக்கு, மென்பொருளோடு வரும் ஆங்கில வழிகாட்டியை வாசித்துச் செய்ய ஆள் எதற்கு?

"சரி பெரியம்மா. பழசைத் தொடுறதுக்கு முன்னாடி காப்பி எடுங்க. எடுத்த ஃபைலத் தெறந்து பாத்துக்கங்க."

"எனக்குப் படிக்கத் தெரியும்மா."

"அதான் பயமா இருக்கு," என்று சிரித்தாள்.

தளம் இருக்கும் லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு கட்டளையாக நிதானமாக அடித்தேன். உங்கள் குறிப்புகள் இருந்த டேட்டாபேஸைக் காப்பி எடுத்தேன். பட்டியலில் ஃபைலின் பெயர் வந்தது; அது போதும் என்றிருந்தேன். புதியதற்குச் சுத்தமான இடம் வேண்டுமென்று பழையதை முழுவதும் நீக்கினேன். எனக்கு எதையும் துடைத்து வைத்தால்தானே பிடிக்கும்?

எல்லாம் முடிந்த பிறகுதான் காப்பியைத் திறந்தேன். ஒரு வரிகூட இல்லை. காப்பி எடுக்கும்போது பாஸ்வேர்டைத் தவறாக அடித்திருக்கிறேன். சர்வர் அதை ஒரு வரியில் சொல்லியும் இருக்கிறது. நான் வாசிக்கவில்லை.

சர்வர்காரர்களிடமும் பழைய பிரதி இல்லை என்று கவிதா விசாரித்துச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க பெரியம்மா," என்றாள். தளத்தில் இப்போது மென்பொருள் தானாகப் போட்ட ஒரு மாதிரிப் பதிவு மட்டும் கிடக்கிறது, மேலே உங்கள் பெயரோடு. பார்க்க முடியவில்லை.

முருகேசன் தம்பியிடம் மெசின் கோளாறு என்று சொல்லிவிட்டேன். "பரவாயில்ல மதினி, அண்ணே எழுத்து எங்க போயிரப்போகுது? மெதுவாப் பாருங்க," என்கிறார். அவர் காத்திருப்பார். கொடி காத்திருக்குமா?

ஒவ்வொரு குறிப்பையும் எனக்கு வாசித்துக் காட்டித்தானே ஏற்றுவீர்கள்? நான் ஒற்றுப்பிழை திருத்தினேன். மருந்தின் பெயரை ஒரு நாளாவது காதில் வாங்கினேனா?

மாதிரிப் பதிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறேன். அதற்கு முன் முருகேசன் தம்பிக்கு நானே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவேன். இனி யார் கேட்டாலும் மெசின்மேல் பழி போட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. வேறு எதைத் தர என்னிடம் மிச்சம் இருக்கிறது?

இன்னமும் உங்கள் மனைவி,
லீலாவதி