என் பெயரில் ஒரு வண்டி

ஜூன் 8, 1998. திங்கள்

காலையிலிருந்து தூறல். மல்லேஸ்வரம் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். வந்த இரண்டு பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. ஒக்கலிபுரம் என்றதும் ஆட்டோக்காரர்கள் பதில்கூடச் சொல்லாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருவன் ஒன்றரை மீட்டர் கேட்டான், மீட்டரில் காட்டுவதைப் போல ஒன்றரை மடங்கு. கொடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது என் பேஷண்ட் பெரியவர் காத்திருந்து தூங்கியே விட்டார். பக்கவாதம், வலது பக்கம். போன வாரம்தான் முதல்முறையாக விரல்களை மடக்கினார். அவர் மகன் என்னை வாசலிலேயே நிறுத்தினான்.

"நீங்க நல்லா செய்றீங்க மேடம், இல்லேன்னு சொல்லல. ஆனா டைமுக்கு வர்ற ஆளா வேற பாத்துட்டோம்."

அவ்வளவுதான். மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நடை. வலிக்கு வைக்கும் மெஷின். ஐந்து கிலோ இருக்கும், இன்று பத்துக் கிலோ.

ஆஸ்பத்திரி வேலையை விட்டு, வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என்று முடிவெடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் தப்பில்லை போல. ஊரின் ஐந்து மூலைகளில் ஐந்து பேஷண்ட். இன்றோடு நான்கு.

வண்டி வாங்க வேண்டும். நாளைக்கே.

ஜூன் 10, புதன்

சாப்பிடும்போது சொன்னேன். மோட்டார்பைக் என்றதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார், பார்த்தார், மறுபடி உயர்த்திக்கொண்டார். முப்பது வருடம் செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்த்த பழக்கம். எதையும் கையெழுத்துப் போடாமலே தள்ளிவிடுவார்.

முரளி அண்ணன் மட்டும் பேசினான். கியர் இல்லாத லேடீஸ் வண்டி வாங்கிக்கோ, அதுதான் உனக்குச் சரி என்றான். காரணம் சொன்னேன்: அதற்குச் சக்கரம் சின்னது, நம் ரோட்டுக் குழியில் பல்லே கழன்றுவிடும். பெட்டியைக் கட்ட இடமில்லை. முக்கியமாக மைலேஜ். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் சுற்றுகிறவளுக்கு பெட்ரோல்தான் பாதிச் சம்பளம். நூறு சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக் பைக்தான் கணக்குக்கு ஒத்துவரும்.

"மைலேஜ் பத்தி எல்லாம் பேசறா பாரு," என்று அம்மாவிடம் சொன்னான். நான் அங்கே இல்லாத மாதிரி.

அம்மாவின் கவலை வேறு. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வாசலில் பைக்கைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அண்ணனுடையது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். கோபத்தில் சொன்னது.

ஜூன் 13, சனி

ராஜாஜிநகர் ஷோரூம். அண்ணனும் வந்தான். வராமல் இருந்திருக்கலாம்.

நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் சேல்ஸ்மேன் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். டவுனுக்குள் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று நான் கேட்டால், "சார், ஹைவேல எண்பது சார்." எனக்கு ஹைவே எதற்கு? என் பேஷண்ட் யாரும் தும்கூரில் இல்லை.

கறுப்பு ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் முன்பாதம் வரை தரையில் ஊன்றுகிறது. போதும். சேல்ஸ்மேன் அண்ணனிடம் கன்னடத்தில் மெல்லச் சொன்னான், மேடத்துக்குக் கிக்கர் உதைக்க வருமா என்று. இந்த ஊரிலேயே பிறந்தவளுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ. இறங்கி, உதைத்து, ஸ்டார்ட் செய்து காட்டினேன். மூன்றாவது உதையில். முதல் இரண்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அண்ணன் சிவப்பு டூ ஸ்ட்ரோக் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தான். என்ன பிக்கப், என்ன சத்தம். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் என்று சேல்ஸ்மேனே ஒப்புக்கொண்டான். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வரிசையில் காத்திருக்க வேண்டுமாம், இரண்டு மாதம் ஆகுமாம். ஆகட்டும் என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

ரிச்சர்ட்ஸ் டவுன், ஸ்டெல்லா வீடு. காலேஜில் என்னோடு படித்தவள். அவள் தம்பியின் பைக்கைச் சர்ச் முடிந்ததும் வெளியே எடுத்தோம். பார்க்கைச் சுற்றி ரோடு அகலம், ஆளில்லை.

கிளட்ச்சை விடுவது என்பது பக்கவாத பேஷண்டுக்கு நான் சொல்லித் தருகிற அதே வேலை: பிடி, கொஞ்சம் விடு, நிறுத்து, இன்னும் கொஞ்சம் விடு. சொல்லித் தருவது சுலபம். எட்டு முறை நின்றுபோனது. ஒன்பதாவது முறை பறந்து, பார்க் சுவரோரம் விழுந்தேன். முட்டி தோல் உரிந்தது, இண்டிகேட்டர் உடைந்தது. சுவரில் உட்கார்ந்திருந்த நான்கு ஆண்கள் உடனே நான்கு விதமான யோசனை சொன்னார்கள். ஒருவரும் வண்டியைத் தூக்கவில்லை.

ஸ்டெல்லா தூக்கினாள். "எந்திரி. வலி அப்புறம் பாத்துக்கலாம். சூடா இருக்கறப்பவே ஓட்டிடு," என்றாள்.

ஓட்டினேன். இரண்டாவது கியர் வரை. ஒரு முழுச் சுற்று.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன்.

ஜூன் 17, புதன்

எல்.எல். வாங்கியாயிற்று, ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ். ஆர்.டி.ஓ.வில் குமாஸ்தா என்னைக் கேட்காமலே 'கியர் உள்ளது' என்பதை அடித்துவிட்டு 'கியர் இல்லாதது' என்று டிக் போட்டார். பேனாவை வாங்கி நானே திருத்தினேன். பின்னால் நின்றவன் உச்சுக் கொட்டினான்.

பெட்ரோல் பங்கில் நின்று பைக் ஓட்டுகிறவர்களை விசாரிக்கிறேன், மூன்று நாளாக. மைலேஜ் கேட்டால் ஒருவனும் உண்மை சொல்வதில்லை. எல்லாம் எண்பது, தொண்ணூறு. "எப்படி அளந்தீங்க?" என்று கேட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். கூரியர் ஆள் ஒருவர் மட்டும் சொன்னார்: சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊரில் ஃபோர் ஸ்ட்ரோக் அறுபது கொடுத்தாலே கும்பிடு போடணும், டூ ஸ்ட்ரோக் முப்பத்தைந்தைத் தாண்டாது.

பேங்கில் ஷோரூம் பெயருக்கு டிமாண்ட் டிராஃப்ட், டி.டி., எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் சேர்த்தது. நாளை முழுக்க பேஷண்ட். நீ அலையாதே, நான் புக் பண்ணிடறேன் என்று அண்ணன் வாங்கிக்கொண்டான். நல்ல மனசு.

ஜூன் 26, வெள்ளி

மதியம் போன் வந்தது. ஷோரூம். நான்தான் எடுத்தேன்.

"மிஸ்டர் முரளி இருக்காரா? அவர் ரெட் வண்டி வந்திருச்சு. நாளைக்கு டெலிவரி எடுத்துக்கலாம்."

யாருடைய வண்டி என்று இரண்டு முறை கேட்டேன். அவரும் இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். சிவப்பு. டூ ஸ்ட்ரோக். முரளி என்ற பெயரில். என் டி.டி.யில்.

சாயங்காலம் வரை எதையும் தொடவில்லை, தொட்டால் உடைத்திருப்பேன்.

அண்ணன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். கேட்டேன். சிரிப்புக் குறையவே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு யார் காத்திருப்பது, இது உடனே கிடைத்தது, வாரநாளில் நீ ஓட்டு, சனி ஞாயிறு நான். இதில் என்ன பெரிய விஷயம் என்கிறான்.

"எதுக்கு உன் பேர்ல?"

"பேர்ல என்ன இருக்கு? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா வண்டிய எடுத்துட்டா போகப்போறே?"

அம்மா அடுப்படியிலிருந்து, அவன் சொல்றதுல என்ன தப்பு என்றாள். அப்பாவைப் பார்த்தேன். பேப்பர் விரிந்தபடியே இருந்தது. பக்கம் புரளவில்லை.

இனி இந்த நோட்டில் அண்ணன் என்று எழுதப்போவதில்லை. மு. போதும்.

ஜூன் 27, சனி

மு. எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பி, திறக்கிற நேரத்தில் ஷோரூமில் நின்றேன். டெலிவரி கொடுக்காதீர்கள், பணம் என்னுடையது, டி.டி. என் கணக்கிலிருந்து வந்தது என்றேன். மேனேஜர் நல்ல மனிதர் மாதிரி வருத்தப்பட்டார். ஆனால் புக்கிங் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ரத்து செய்ய முடியும். "வீட்ல பேசி முடிச்சுக்கங்க மேடம். இது ஃபேமிலி மேட்டர்."

சரி என்று வாசலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். சிவப்பு வண்டியைக் காட்டி எவ்வளவு கொடுக்கும் என்றார் அவர். சேல்ஸ்மேன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "முப்பத்தஞ்சு. சிட்டிக்குள்ள அதுக்கு மேல வராது." திரும்பிப் பார்த்தார்கள். எப்படித் தெரியும் என்று அந்தம்மா கேட்டாள். பங்கில் நின்று கேட்டதை எல்லாம் சொன்னேன். கையைப் பிடித்துக் கணவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து வந்தவர்களிடமும் அப்படியே. குரலை உயர்த்தவில்லை. பொய் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் பதில், அவ்வளவுதான். சேல்ஸ்மேன் காபி வாங்கித் தந்து பார்த்தான். குடித்துவிட்டு அங்கேயே இருந்தேன்.

மதியத்துக்குள் மேனேஜரே வீட்டுக்குப் போன் செய்து மு.வை வரச் சொல்லிவிட்டார்.

வந்தான். முகம் அந்த வண்டியை விடச் சிவப்பு. எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கறியா என்று பல்லைக் கடித்தான். கையெழுத்துப் போடு என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அதனால் சொல்லவில்லை. போட்டான். பேனாவை மேஜையில் எறிந்துவிட்டுப் போனான்.

அதே பணத்துக்குக் கறுப்பு ஃபோர் ஸ்ட்ரோக், என் பெயரில், வரிசையில் கடைசி.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அழுதேன். யாரும் கவனிக்கவில்லை, மழை.

ஜூலை 5, ஞாயிறு

வீட்டில் பேச்சு இல்லை. மு. சாப்பிட்ட பிறகு நான், நான் இருந்தால் அவன் இல்லை. அம்மாதான் தூது. "உங்கண்ணன் ரசம் மிச்சமிருக்கான்னு கேக்கறான்." அவன் இரண்டு அடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

அப்பா என் அறைக்கு வந்தார். எத்தனையோ வருடம் கழித்து. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஏதோ நல்லது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "பெரியவன் இல்லியா. ஒரு வார்த்தை சாரி சொல்லிடு. வீடு வீடா இருக்கட்டும்."

அவன் எனக்குச் சொன்னானா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். மு. மேல் இருந்ததைவிட இவர் மேல் கோபம் அதிகம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மு. கெட்டதாவது செய்தான். இவர் எதையுமே செய்யவில்லை.

ஜூலை 22, புதன்

லைசென்ஸ் டெஸ்ட். ஸ்டெல்லா தம்பியின் வண்டி. எட்டுப் போடச் சொன்னார்கள். எனக்கு முன் போன பையன்கள் மூன்று பேர் கால் ஊன்றினார்கள், இருந்தும் பாஸ். என்னை இரண்டு தடவை போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இரண்டு தடவையும் ஊன்றவில்லை. ஏதோ பிடிக்காதது போலக் கையெழுத்திட்டார்.

ஹெல்மெட் தேடல். கடை முழுக்க ஆண்கள் அளவு. பின்னலோடு போட்டால் நுழையாது, பின்னலை இறக்கினால் ஆடுகிறது. கடைக்காரர் முடியை வெட்டிடுங்க என்றார். வேறு கடை.

ஆகஸ்ட் 10, திங்கள்

சொன்னதற்கு முன்பே வண்டி வந்தாயிற்று! ஷோரூமில் அதே சேல்ஸ்மேன். சாவியை என் கையில்தான் கொடுத்தான். பதிவுத்தாளில் என் பெயரை நான்கு முறை படித்தேன்.

ராஜாஜிநகரிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். நவரங் சிக்னலில் ஒருமுறை நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன். திரும்பி முறைத்தேன். முறைத்தால் ஹாரன் நிற்கிறது, இது தெரியாமல் போயிற்றே இத்தனை நாள்.

அம்மா எலுமிச்சம்பழம் வைத்தாள், பொட்டு வைத்தாள். மு. ஜன்னலிலிருந்து பார்த்தான்.

ஆகஸ்ட் 19, புதன்

ராத்திரி முழுக்க மழை, காலையிலும் விடவில்லை. ஐந்து பேஷண்ட் ஆகிவிட்டது, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா பார்த்துக் கொடுத்த தோள்பட்டை கேஸ் ஒன்று. எங்கும் தாமதமில்லை. ரிசர்வில் விழுந்ததும் பெட்ரோல் போட்டு, மறுபடி ரிசர்வில் விழும் வரை அளந்தேன்: லிட்டருக்கு அறுபத்திரண்டு. யார் கேட்டாலும் அறுபத்திரண்டு என்றே சொல்வேன்.

பெட்டியை முன்னால் டாங்க் மேல் கட்டிக்கொண்டிருந்தேன். மு. கேட்டருகே வந்து நின்றான். கம்பெனி பஸ் போய்விட்டது. ஐம்பத்து மூன்று நாளாகப் பேசாதவன், வண்டியைப் பார்த்துப் பேசினான்.

"சாவி குடு. அரை மணில கொண்டாந்து விட்டுடறேன்."

"ஏறு. நான் விடறேன்."

மழை வலுத்தது. ஏறினான். பின்னால் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டான், என்மேல் விரல்கூடப் படாமல். சிக்னலில் அவன் ஆபீஸ் ஆள் யாரோ காரிலிருந்து கையாட்டினார். இவன் குடையில்லாத தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆபீஸ் வாசலில் இறங்கினான். நன்றி இல்லை, சாரி இல்லை. நாலடி நடந்துவிட்டுத் திரும்பினான்.

"சாயங்காலம் எத்தன மணிக்கு வருவே?"

"வர மாட்டேன். பேஷண்ட் இருக்காங்க."

ஆட்டோவில் வரட்டும். ஆட்டோக்காரன் ஒன்றரை மீட்டர் கேட்பான்.