பார்க்காமலே தெரியும்

குற்றாலம்
12.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

வேல்விழி எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் அக்கா மாரி மதினியும் நலமாகத்தான் இருப்பீர்கள். அவ்வளவு சிரித்தவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

சுரண்டையில் மொபைல் கடை வைத்திருப்பவருக்குப் பெண்டாட்டி தபாலில் கடிதம் போடுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். நானும் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் என்ன பாடும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை தென்காசிக் கோவிலில், நான் செருப்பை விடப் போன நேரத்தில் நீங்கள் மூவரும் கூட்டத்தில் காணாமல் போனீர்கள். தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். நீங்கள் நின்றது எனக்குப் பத்தடி முன்னால். உங்கள் சட்டைப் பையிலிருந்து உடுக்கைச் சத்தம், அதன்மேல் ஒரு பொம்பளையின் "ஆ... ஆ..." இழுவை, கடைசியில் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு "ஸ்ஸ்". 'கற்பூரத் தட்டு' சீரியலில் வில்லி தாட்சாயணி கதவைத் திறந்து உள்ளே வரும்போது போடுகிற இசை. பூக்கடைக்காரி உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைக் கேட்டால் தாட்சாயணி என்று தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது?

"ஏலே, தாட்சாயணி கூப்பிடுதாலே!" என்றார்கள் அத்தை. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுகூடப் போகட்டும் அத்தான். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கட் செய்தீர்கள்.

ஆளுக்கொரு பாட்டு வைத்திருப்பது உங்கள் பெருமை. அத்தைக்கு சாமி பாட்டு, திருநெல்வேலி டீலருக்கு சண்டைக்காட்சி இசை. "போனைப் பார்க்காமலே யாருன்னு சொல்லுவேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவீர்கள். எனக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஏதோ மெலடி இருந்ததே, அதுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அங்கேயே பஸ் ஏறி உலகம்மை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். சீசன் தொடங்கிவிட்டது. அக்காவின் சிப்ஸ் கடையில் கை போதவில்லை. கொஞ்ச நாள் இங்கேதான் இருப்பேன்.

உங்கள்,
வேல்விழி


சுரண்டை
19.6.2024

அன்புள்ள விழிக்கு,

கடைசியாக நான் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், தலைமையாசிரியருக்கு விடுப்புக் கேட்டு. அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு ரிங்டோனுக்கா இவ்வளவு? சும்மா ஒரு விளையாட்டு. அன்றைக்கு நீ அம்மாவிடம் பேசினாய் அல்லவா, சீரியல் நேரத்தில்? அதற்குப் பிறகு அக்காதான் "இவளுக்கு தாட்சாயணி மியூசிக்தான் சரி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் வைத்துவிட்டேன். மாற்ற மறந்துபோனது. கடையில் எத்தனை போன் பார்க்கிறேன், உனக்குத் தெரியாதா?

இப்போது மாற்றிவிட்டேன். சந்தோஷப்படுவாய். தாட்சாயணியை எடுத்துவிட்டு, அதே சீரியலின் கதாநாயகி பூங்கோதையின் பாட்டை வைத்திருக்கிறேன். "தாங்கிக்கொள் பூங்கோதையே, தரணி போலத் தாங்கிக்கொள்" என்று வருமே, அது. கடை போன் எண்ணுக்கு உன் பெயரைப் போட்டு, அதிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன். அம்மாவே கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல பாட்டுல, அவளுக்கு இதே இருக்கட்டும்" என்றாள். அம்மா இவ்வளவு இறங்கி வருவது பெரிய விஷயம்.

வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தோசை வார்க்க அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது. பிளாக்கை எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
முத்துராஜ்


குற்றாலம்
26.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் மழையில் நனைந்ததுதான் மிச்சம். இங்கே சாரல் விட்டபாடில்லை.

"சீரியல் நேரத்தில் பேசினாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினேன் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "அத்தை, தோசையைச் சுட்டு ஹாட்பாக்சில் வச்சிருக்கேன். இன்னைக்கு நானும் உக்காந்து பாக்குதேன்" என்றேன். அவ்வளவுதான். அதற்கு அத்தை டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த சீரியலை நான் அடுப்படியிலிருந்து காதால் கேட்டவள். உடுக்கை அடித்தால் தாட்சாயணி வருகிறாள், புல்லாங்குழல் வந்தால் பூங்கோதை அழுகிறாள். ஒருத்தி முகமும் தெரியாது. தோசையைத் திருப்பிக்கொண்டே, இப்போது கன்னத்தில் அறை விழுந்திருக்கும், இப்போது மயங்கி விழுந்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

இங்கே அக்கா வீட்டில் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் வைத்த பூங்கோதையைப் பார்த்தேன். சுடுசோறு ஒருநாள்கூடத் தின்னவில்லை அத்தான் அவள். மாமியார் பழி போட்டாலும் பாட்டு, புருஷன் அடித்தாலும் பாட்டு, "தாங்கிக்கொள், தாங்கிக்கொள்" என்று பின்னாலிருந்து ஒருத்தர் பாடிக்கொண்டே இருக்கிறார். யாராவது ஒருவர் எழுந்து அந்தப் பாட்டுக்காரர் வாயை மூடக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தை கண்ணைத் துடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அப்படி ஒரு மருமகள் யாருக்குக் கசக்கும்?

தாட்சாயணியையும் பார்த்தேன். பாலில் விஷம் கலக்கிறாள், அது தப்புதான். ஆனால் அந்த வீட்டில் எல்லாரோடும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மருமகள் அவள் ஒருத்திதான். "எனக்கு இது வேண்டாம்" என்று வாயைத் திறந்து சொல்கிறவளும் அவள்தான். விஷத்தை விட்டுவிட்டால் பிழையில்லாத பெண் என்று அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். அருவிக்குப் போகிற வழியெல்லாம் சிப்ஸ் கடைதான். எல்லாரும் மைக்கில் "வாங்க சார், வாங்கம்மா" என்று கத்துகிறார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முந்தாநாள் நான் எங்கள் கடை ஸ்பீக்கரில் தாட்சாயணி இசையைப் போட்டேன். உடுக்கை அடித்ததும் ஈரத்தலையோடு போன கூட்டம் அப்படியே திரும்பியது. "நான்தான் தாட்சாயணி. நேந்திரம் சிப்ஸ்ல விஷம் கலக்கல, தைரியமா வாங்கிட்டுப் போங்க!" என்றேன் மைக்கில். சட்டி காயக் காய வறுத்தும் அன்றைக்குப் போதவில்லை. இப்போது ஆட்டோக்காரர்கள் தாட்சாயணி கடை என்றே சொல்கிறார்கள்.

பூங்கோதை பாட்டை எடுத்துவிடுங்கள்.

உங்கள்,
வேல்விழி


சுரண்டை
16.7.2024

விழிக்கு,

உனக்கு என்ன, பைத்தியமா பிடித்திருக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் கடையநல்லூர்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குளிக்க வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த இசை. கூட வந்தவர்கள் "யாரு கடை?" என்று கேட்க, ஒரு ஆட்டோக்காரன் "சுரண்டை மொபைல் கடைக்காரர் வீட்டு அம்மாதான், மாமியா வீட்டுல வச்ச பேராம்" என்று சொல்லியிருக்கிறான். அம்மா குளிக்காமலே திரும்பி வந்துவிட்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம குடும்பத்த சந்தி சிரிக்க வச்சிட்டா" என்கிறாள்.

வீட்டுக்குள் வைத்த விளையாட்டைத் தெருவில் போட்டு அடிப்பது நியாயமா? எனக்கு நீ வேண்டும். சண்டை வேண்டாம். அந்தப் பாட்டை நிறுத்து. உனக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று சொல், அதையே வைக்கிறேன்.

முத்துராஜ்


குற்றாலம்
20.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டுக்குள் நீங்கள் மூவரும் சிரித்தால் விளையாட்டு, தெருவில் நானே சிரித்தால் மானக்கேடு. நல்லது. அத்தையைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொண்டு ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை, அவர்களும் கிடக்க வேண்டாம்.

கடைப்பாட்டை நிறுத்த மாட்டேன். அது வியாபாரம்.

ஆனால் "எனக்கு நீ வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன் அத்தான், எனக்கும் நீங்கள் வேண்டும். மழை பெய்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்குச் சூடாக முட்டைபோண்டா வாங்கி வருவீர்களே, அந்த ஆள் வேண்டும்.

என்ன பாட்டு வைக்க என்று கேட்டீர்கள். ஒரு பாட்டும் வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் போன் எப்படி அடிக்குமோ அப்படி வெறும் மணி அடிக்கட்டும். யார் என்று தெரியாது. போனை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் என் பெயர் இருக்கும். அதைப் படியுங்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, மதியம் எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிடுவேன். அத்தைக்கும் மதினிக்கும் கேட்கும்படி மணி அடிக்கட்டும். அவர்கள் முன்னால் எடுத்து, "சொல்லு வேல்விழி" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டாம், சண்டை போட வேண்டாம். மறுநாள் முதல் பஸ்ஸில் நானே வந்துவிடுவேன். சீரியல் நேரத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருவேன்.

உங்கள்,
வேல்விழி


சுரண்டை
29.7.2024

அன்புள்ள விழிக்கு,

கோபப்படாமல் படி. நேற்று நீ கூப்பிட்டதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். உன் பெயர் வந்தது, படித்தேன். தாட்சாயணியும் இல்லை, பூங்கோதையும் இல்லை, நீ சொன்னபடி எல்லாப் பாட்டையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் அக்கா வீட்டுக்காரரும் சாப்பிட வந்திருந்தார். அம்மா அப்போதுதான் சகஜமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். மணி அடித்து, பேச்சு வளர்ந்து, சாப்பாட்டில் கைவைத்த நேரத்தில் எதற்கு வம்பு என்று போனை சைலண்டில் போட்டு மடியில் வைத்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் கை கழுவுகிற சாக்கில் மாடிக்கு ஓடினேன். அதற்குள் நின்றுவிட்டது. நான் திரும்பக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

இரண்டு பக்கமும் நோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தேன். புரிந்துகொள். எப்போது வருகிறாய்?

அன்புடன்,
முத்துராஜ்


குற்றாலம்
2.8.2024

முத்துராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். சத்தம் சரியாகக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைக்கூட நிறுத்தச் சொன்னேன். அக்கா, வறுத்த சிப்சை அள்ளாமல் கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை அடித்து ஓய்ந்தது. நீங்கள் ஏதோ வேலையில் இருப்பீர்கள் என்று அவளிடம் சொன்னேன். உங்களுக்காக நான் சொன்ன கடைசிச் சமாதானம் அது.

சைலண்ட். இதற்கு தாட்சாயணியே தேவலை. அவள் வந்தால் சத்தமாவது கேட்கும்.

என்னை வில்லி என்றீர்கள், தாங்கிக்கொள்ளப் பிறந்தவள் என்றீர்கள். இரண்டுக்கும் நான் சண்டை போட்டேன். சண்டை போட்டால் உங்களுக்குக் காது கேட்கும் என்று நம்பினேன். இனி அந்த நம்பிக்கை இல்லை. மடியில் வைத்து மறைக்கிற ஆளாக என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது.

என் தையல் மிஷினையும் சர்டிபிகேட் பையையும் எடுக்க அக்காவோடு வருவேன். மாடியில் வந்து பேச வேண்டாம். கூடத்தில் பேசுங்கள், இல்லாவிட்டால் பேசவே வேண்டாம்.

சீசன் முடிந்தால் அக்கா கடையை மூடிவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். மூடவில்லை. ஐயப்ப சீசனுக்கும் நான் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். போர்டு எழுதக் கொடுத்தாயிற்று. 'தாட்சாயணி சிப்ஸ்' என்று பெரிதாக, அதன் கீழே 'உரிமை: வேல்விழி' என்று.

இந்தப் பக்கம் வந்தால் போர்டைத் தேடி அலைய வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உடுக்கை கேட்கும். யார் என்று பார்க்காமலே உங்களுக்குத் தெரியும்.

வேல்விழி