மருந்து உண்ண வருக

அன்பு மகள் அரையடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அவருடைய வலது முழங்காலைத் தவிர. அது எங்கள் இருவர் பேச்சையும் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் கேட்டால் "எல்லாம் ஓகேம்மா" என்று முடித்துவிடுகிறாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தாள் ஏன் இவ்வளவு தடியாக இருக்கிறது என்று யோசிக்காதே. இவை அலமாரி மேல் கிடந்த எங்கள் கல்யாண அழைப்பிதழ்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

பெரிய செய்தி ஒன்றும் இல்லை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், அவர்களுடைய பூனை மட்டும் போக மறுத்து நம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் முதலில் தன் தம்பியை, உன் அப்பாவைத்தான் பார்த்தார், "டேய் ஸ்கேல், இவ்வளவு நரைச்சுட்டியா, ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அச்சு பிரஸ்ஸை மூடிவிட்டு வீட்டோடு இருந்தாலும் அந்த இரும்பு ஸ்கேல் இன்றும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நேற்று ஈரத் துணியைக் கொடியில் போடச் சொன்னேன், கிளிப்புகளை நிறவாரியாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார், அதற்குள் மழை வந்துவிட்டது. அந்த ஸ்கேலுக்குப் பிறந்த உனக்கு அரையடி என்று அத்தை பெயர் வைத்தது சும்மா இல்லை.

உன்னை பற்றித்தான் நாங்கள் தினமும் பேசுகிறோம். முதன்முதலில் உன் வீட்டுக்கு வருகிறோம் என்றபோது திரைச்சீலை வரவில்லை என்றாய். அது வந்ததும் நிறம் சுவரோடு சேரவில்லை என்றாய். பிறகு சுவருக்குப் பெயின்ட், பிறகு கட்டில், போன வாரம், "சமையலறை இன்னும் ஒரு மாதிரியா இருக்கும்மா, எல்லாம் செட் ஆகட்டும், நானே கூப்பிடுறேன்." சமையலறை ஒரு மாதிரியாக இருந்தால் என்ன, நான் அதை விலைக்கு வாங்கவா வருகிறேன்? இதில் அப்பா உன் கட்சி. "அவ சரின்னு சொல்லட்டும், நமக்கும் நல்ல பெட்டியா ஒண்ணு வாங்கணும், இதுல ஜிப் திக்குது" என்கிறார். நீ வீட்டுக்காகக் காத்திருக்கிறாய், அவர் பெட்டிக்காகக் காத்திருக்கிறார், அந்த முழங்கால் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நீ இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. இந்த வருஷம் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறலாம், அடுத்த வருஷத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை அப்பா உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

வேலையிலும் இதே கதைதான் போலிருக்கிறது. பாடப்புத்தகத்துக்கு நீ வரையும் தவளையின் பின்னங்கால் இன்னும் சரிவரவில்லை, "இதுக்குள்ள நிஜத் தவளையே தாவிப் போயிருக்கும், குடுத்துடும்மா" என்று உன் மேலதிகாரி சொன்னார் என்று வருத்தப்பட்டாய். நான் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொண்டு போனை வைத்தாய். சிரித்தது தவளைக்காக இல்லை, உன் இரண்டாம் வகுப்பு நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு எழுத்து கோணினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவாய். ஒரு பக்கத்தைக் கிழித்தால் அதன் ஜோடி தானாகக் கழன்று வரும், நன்றாக எழுதியிருந்த பக்கமும் சேர்ந்து போகும், அதற்காக ஒரு தனி அழுகை. அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் நோட்டு வெறும் அட்டையாக நிற்கும். "நோட்டை எலி தின்னுடுச்சாம்மா?" என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை, "என் பொண்ணாச்சே" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கிழித்த பக்கங்களை நான் குப்பையில் போடாமல் எடுத்து வைப்பேன். ஒன்றில் நீ வரைந்த வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஜன்னல் வழியாக மூன்று பேர் எட்டிப் பார்ப்போம், மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. அதைவிட அழகான வீட்டை நீ பிறகு வரையவில்லை என்பது என் எண்ணம்.

மருந்து ஜோக் உனக்குத் தெரியும், அதன் நடுவில் நடந்ததை யாரும் உனக்குச் சொன்னதில்லை. அப்போது பிரஸ்ஸில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோர்ப்பது அப்பா, புரூஃப் பார்த்துப் பிழை திருத்துவது நான். எங்கள் கல்யாண அழைப்பிதழை அவரே கோர்த்தார். ஓரத்தில் வரும் பூ பார்டரை நாள் முழுக்க மயிரிழை இப்படியும் மயிரிழை அப்படியுமாக நகர்த்திக்கொண்டிருந்தார். நான் புரூஃப் படித்து ஒரு தப்பும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் கண்ணுக்கு, "விருந்து உண்ண வருக" என்ற வரியில் அந்த 'வி' லேசாகத் தேய்ந்திருப்பதாகப் பட்டது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அதைப் பிடுங்கிவிட்டு, எழுத்துப் பெட்டியில் 'வி' இருக்கும் கட்டத்துக்குள் கைவிட்டுப் புது எழுத்தாக ஒன்றை எடுத்துச் சொருகினார். அந்தக் கட்டத்தில் யாரோ ஒரு 'ம' வைத் தவறிப் போட்டிருந்தார்கள். ஏற்கெனவே பார்த்த புரூஃப்தானே என்று அப்படியே அச்சடித்தும்விட்டார். அத்தை அழைப்பிதழ்க் கட்டை வாங்கிக்கொண்டுபோய் அன்றைக்கே ஊருக்கெல்லாம் தபாலில் சேர்த்துவிட்டார். "சுற்றமும் நட்புமாக மருந்து உண்ண வருக."

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. புதிதாக அடித்தார், ஒரு குறையும் இல்லாமல், பார்டர்கூட ஒரே கோட்டில். பிறகு என்னிடம் வந்து, "தேதியைத் தள்ளிப் போடலாம், எல்லாருக்கும் இதை அனுப்பிட்டு அப்புறம் பண்ணிக்கலாம்" என்றார். இவருக்கு நான் முக்கியமா, அந்த ஒரு எழுத்து முக்கியமா என்று கேட்கத் தோன்றியது, கேட்க வாய் வரவில்லை. கேட்டது அத்தைதான். "ஏண்டா, கல்யாணம் உனக்கா, அட்டைக்கா?" அவர் புது அட்டைகளைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றினார், அதனால் எனக்குக் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே, "மாத்திரை எங்க, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர், "என் பொழப்பைக் கெடுக்குறீங்களே மாப்பிள்ளை" என்று ஒரு இருமல் மருந்து பாட்டிலுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். எங்கள் குடும்பத்தோடு வருஷக்கணக்கில் பேசாமலிருந்த என் பெரியப்பா, அட்டையைப் படித்துச் சிரிப்பு அடங்காமல் நேரில் கேட்டுவிடலாம் என்றே வந்தேன் என்றார். அப்பா முதலில் தலை குனிந்து நின்றார், பிறகு உதடு துடித்தது, பிறகு அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். தப்பான அட்டை போன வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சரியான அட்டை, இதோ உன் கையில் இருப்பது, திருப்பிப் பார், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, இது ஒருவரைக்கூட அழைத்ததில்லை. பெட்டி பெட்டியாக அலமாரி மேல் இத்தனை காலம் கிடந்தது.

அதனால் நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறோம். சுவரைப் பார்க்க எனக்கு ஆசையில்லை, உன்னைப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடிக்காத பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன், பிரிக்காத அட்டைப்பெட்டி இருந்தால் அப்பாவுக்கு ஒன்று வைத்திரு, ஸ்கேலை வைத்துக்கொண்டு அவருக்கும் பொழுது போக வேண்டுமே. ஒரு முட்டையைப் பொரித்து ரொட்டியோடு கொடுத்தால் போதும், மஞ்சள் கரு உடைந்தாலும் தொண்டையில் இறங்கும். தவளையைக் கொடுத்துவிடு. காலைப் பார்த்ததும் அது தவளை என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், மிச்சத்தை அவர்களே கலர் அடித்துக் கெடுத்துக்கொள்வார்கள்.

நீ சிரித்த முகமாக, நல்ல உடம்போடு நீண்ட நாள் இரு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு உட்காராதே. மூன்றாவது மாடி விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து வை, அப்பா படி ஏற வேண்டும்.

இதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஓரிடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய் என்றார். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடிவிட்டார். "இருக்கட்டும், அரையடி கண்டுபிடிக்கட்டும்" என்றார். இப்போது அந்தத் திக்கும் ஜிப்புப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். முடிச்சு கோணலாகத்தான் விழுந்திருக்கிறது, நான் சொல்லவில்லை.

மருந்து உண்ண வரும்,
உன் அம்மா