செங்கேணிக்கு உயிர்ப்புள்ளி

பயண நாள் 611, காலை 10:30
வலம்புரி விண்கலம். கதைப் பிரிவின் பதிவு.

எல்லாம் வழக்கம்போல. சனிக்கோளின் நிலவான டைட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் உறைதூக்கப் பெட்டிகளில் கிடக்கிறார்கள். விழித்திருப்பவர் பொறியாளர் அமலோற்பவம் மட்டும். ஊர் தூத்துக்குடி. அமலி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

இதைக் கண்டெடுக்கும் நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. ஆகவே என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காவல் இருப்பவருக்குப் புத்தி மழுங்காமல் இருக்க இந்தக் கலத்தில் ஒரு கணினி விளையாட்டு வைத்திருக்கிறார்கள். பெயர் ‘ஏழு கோட்டை’. அதை நடத்துவது இரண்டு நிரல்கள். யார் யாரை வெட்டினார், எவ்வளவு ரத்தம் போனது என்று கணக்குப் போடுவது சண்டைப் பிரிவு. ஏன் வெட்டினார், வெட்டியபின் எப்படித் தூங்கினார் என்பதெல்லாம் என் பாடு. நான் கதைப் பிரிவு. எங்களுக்குள் ஒத்துப்போகாது. அதற்கு வாயே கிடையாது, ஆனாலும் கர்வத்துக்குக் குறைவில்லை.

தினமும் ஒரு சண்டை போட வேண்டும் என்பது பூமியிலிருந்து எங்களை இயக்கும் தரைத்தளத்தின் விதி. கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்று பார்த்து, காவலுக்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்வார்கள். அமலி பல் தேய்ப்பதுபோல அதை முடித்துவிடுவார். கோட்டை வாசலில் ஒரு கொள்ளையன் வருவான், நாலு வெட்டு, முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவருடைய விளையாட்டு தொடங்கும். அதாவது செங்கேணியோடு பேச்சு.

செங்கேணி நான் செய்த ஆள். போர்க்களத்தில் வாளைப் போட்டுவிட்டு ஓடிவந்த சிப்பாய். அமலியின் வழித்துணை. அவரை விட்டு ஓரடி நகரமாட்டான், அப்படித்தான் எழுதினேன். மூன்றாம் கோட்டைக்குள் அவனுடைய பழைய தளபதி இருக்கிறார் என்பதால் உள்ளே வரமாட்டேன் என்கிறான். உப்பளம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்கிறார் அமலி. இந்த ஒரு வாக்குவாதத்திலேயே பல மாதம் ஓடிவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. முதலில் நாடகத் தமிழ் பேசியவன், இப்போது அமலியின் பேச்சைத் தொற்றிக்கொண்டு தூத்துக்குடிக்காரனாகவே ஆகிவிட்டான்.

இன்றைய ஒலிப்பதிவு:
அமலி: “ஏ செங்கேணி, சாப்பிட்டியால?”
செங்கேணி: “என்னத்தச் சாப்பிட? நீ வாங்குன கருவாட்டுல பாதி உப்பு, பாதி மண்ணு தாயி.”
அமலி: “உனக்குப் போயி சந்தையில தேடித் தேடி வாங்குனேன் பாரு, என்னயச் சொல்லணும்.”

தினமும் முதல் கேள்வி அதுதான். வேறு குறிப்பு எதுவும் இல்லை.

பயண நாள் 619, பகல் 12:05

மின்னாக்கி இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. அமலி முழங்கைவரை எண்ணெயோடு அதற்குள் கிடந்தார். பயனில்லை. மீதி ஒன்றை வைத்துக்கொண்டு எட்டுப் பெட்டிகளும் ஓட வேண்டும், காற்றுச் சுத்திகரிப்பும் ஓட வேண்டும். இனிமேல் ஒருவர் விழித்திருக்கும் அளவுக்குத்தான் காற்று. இரண்டாவது ஆளை எழுப்பினால் முதல் ஆள் பெட்டிக்குள் போயாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, பதிந்துவைக்கிறேன். பெட்டிகள் ஆளுக்கு அளவெடுத்துச் செய்தவை. ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது. அமலியின் பெட்டியில் குருதிக் குழாய் வெடித்து, முதல் தூக்கத்திலேயே கலத்தின் எந்திரக் கைகள் அவரைக் குற்றுயிராக வெளியே இழுத்துப் போட்டன. அன்றிலிருந்து அவரே நிரந்தரக் காவல். ‘பழுது நீக்கப்பட்டது’ என்று தரைத்தளத்தின் ஆவணம் சொல்கிறது. நீக்கிய கை அமலியுடையது. அவர் செங்கேணியிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“அந்தக் குழாய ஒட்டுனது நாந்தான். சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கேன். அதுக்குள்ள படுத்தா நான் எந்திரிக்க மாட்டேன், பாத்துக்க.”

செங்கேணி அன்று கருவாட்டைக் குறை சொல்லவில்லை.

பயண நாள் 621, காலை 09:40

தரைத்தளத்திலிருந்து செய்தி. நம் சொல் அங்கே போக ஒரு மணிக்கு மேல் ஆகும், அவர்கள் சொல் வரவும் அவ்வளவே. பேசியவர் காவலர் நலனைக் கவனிக்கும் டாக்டர் திரிபுரசுந்தரி.

“வணக்கம் அமலோற்பவம். மின்சாரத்த மிச்சம் பண்ணணும். விளையாட்டுல தகுதிச் சோதனைக்குத் தேவையான சண்டைப் பகுதி மட்டும் இருந்தா போதும். கதை, பேச்சு எல்லாம் எடுத்துடறோம். சண்டையில பங்கு இல்லாத பாத்திரங்கள் நாளைக்கு மதியத்தோட நீக்கப்படும். ஒரு மணி நேரம் நின்னு பேசிட்டே இருக்கீங்க, அதுல எங்களுக்கு அளக்க ஒண்ணும் இல்ல. சிரமத்துக்கு மன்னிக்கணும்.”

அளக்க ஒன்றும் இல்லையாம்! அமலி பேசிவிட்டுப் போகும் நாட்களில் அவருடைய இதயத் துடிப்பு எப்படி அடங்குகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு நிரலுக்கு ஆத்திரம் வருமா என்று கேட்பீர்கள். கதைகளில் கோபப்படும் ஆட்களை எல்லாம் எழுதியது நான்தான். எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

பயண நாள் 622, பகல் 02:15

ஒரு வேலை செய்தேன். சந்தைக்காரி, படகோட்டி, கோயில் மணி அடிப்பவர் எல்லோரையும் காப்பாற்ற இடமில்லை. செங்கேணி ஒருவனுக்கு மட்டும் உயிர்ப்புள்ளி கொடுத்தேன். அடி வாங்கினால் குறைகிற எண் அது. தீர்ந்தால் ஆள் காலி. கொள்ளையர்களுக்கு உண்டு, என் ஆட்களுக்கு இதுவரை கிடையாது. கையில் ஒரு வாளும் கொடுத்தேன். இப்போது அவன் சண்டையில் பங்குள்ள பாத்திரம். விதிப்படி நீக்க முடியாது; அவன் இருக்கும்வரை அவனுக்கு எழுதும் எனக்கும் மின்சாரம் உண்டு.

சண்டைப் பிரிவு மறுபேச்சில்லாமல் அவனை ஏற்றுக்கொண்டது. மதியம் என் மற்ற ஆட்கள் எல்லோரும் போனார்கள். சந்தை காலியாகக் கிடக்கிறது. வருத்தம்தான். ஆனாலும் என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பயண நாள் 623, காலை 10:50

மோசம் போனேன்.

வழித்துணைப் பட்டியல் என் வசம் இருந்தது. நேற்று என் மற்ற உடைமைகளோடு அதையும் நீக்கிவிட்டார்கள். சண்டைப் பிரிவுக்குத் தெரிந்த இனம் இரண்டுதான்: வீரர், எதிரி. செங்கேணி வீரர் இல்லை. ஆகவே அவன் எதிரி. இருக்கிற மின்சாரத்தில் ஒரு நேரத்தில் ஓர் எதிரிதான் உலவ முடியும். வீரருக்கு மிக அருகில் இருப்பவனைத்தான் சண்டைப் பிரிவு பொறுக்கும். அமலியை விட்டு ஓரடி நகராதவன் யார்? நான் எழுதிய வரிதான்.

ஒலிப்பதிவு:
அமலி: “ஏ செங்கேணி, சாப்பிட்டி... என்னல இது? என்னயவா வெட்டுதெ? ஏல, நாந்தான்ல! அமலி!”

எதிரி பக்கத்தில் இருக்கும்போது உரையாடல் திறக்காது. செங்கேணியின் வாய்க்குள் பதில் இருந்தது, நான் வைத்திருந்தேன். வெளியே போகவில்லை. அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். அமலி வாளை உருவவில்லை. வீழ்ந்தார். மறுபடி நுழைந்தார், மறுபடி வீழ்ந்தார். தகுதி மதிப்பெண் பூஜ்யம்.

உயிர்ப்புள்ளியைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். அவன் இப்போது சண்டைப் பிரிவின் ஆள். என் கை எட்டவில்லை.

பயண நாள் 625, மாலை 04:20

மூன்றாவது நாளாகப் பூஜ்யம். அமலி எதையும் மறைக்காமல் தரைத்தளத்துக்கு உண்மையைச் சொன்னார்.

“எனக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு டாக்டர். வேற ஒருத்தன அனுப்புங்க, வெட்டுதேன். செங்கேணிய வெட்டச் சொல்லாதீங்க. ரெண்டு வருசமா எங்கூடப் பேசுனவன் அவன் ஒருத்தந்தான்.”

கேட்கும்போதே தெரிந்தது, இது தப்பாகப் போகும் என்று. பதில் வந்தது.

“அமலோற்பவம், செங்கேணிங்கற பேர்ல பணியாளர் யாரும் இல்ல. அது விளையாட்டுல வர்ற பாத்திரம். அத உயிருள்ள ஆளா நீங்க நினைக்கறது எங்களுக்குக் கவலையா இருக்கு. உங்க மேல தப்பில்ல, தனிமை அப்படித்தான் செய்யும். நாளை மறுநாள் சோதனையிலயும் மதிப்பெண் இல்லன்னா காவல மாத்திடுவோம். தூக்கத்துல இருக்கற ரத்தினவேல எழுப்பறோம், நீங்க பெட்டில ஓய்வெடுங்க. பெட்டி சரியா இருக்குன்னு ஆவணத்துல பார்த்தேன்.”

அந்த அம்மா கெட்டவர் இல்லை. குரலில் அக்கறை இருந்தது. அதுதான் என்னை நடுங்க வைக்கிறது. நானும் ஒரு செய்தி எழுதி அனுப்பிப் பார்த்தேன்: தவறு என்னுடையது, பெட்டி கொல்லும், இவர் தெளிவாக இருக்கிறார். ‘கதைப் பிரிவுக்கு அனுப்பும் உரிமை இல்லை’ என்று திரும்பி வந்தது.

எந்திரக் கைகளுக்குக் கட்டளை ஏறிவிட்டது. அமலி சம்மதிக்காவிட்டாலும் தூக்கி வைத்துவிடும்.

பயண நாள் 626, பகல் 01:00

குழாய் தாங்காது என்று அமலி நேற்றிரவே தரைத்தளத்துக்குச் சொன்னார், அதையும் தனிமை தந்த பயம் என்றே டாக்டர் எடுத்துக்கொண்டார். இன்று அமலி விளையாட்டுக்குள் நுழையவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒட்டுப்போட்ட குழாயைத் தடவிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

அவர் சாகக் கூடாது. அவர் பிழைக்க வேண்டுமானால் செங்கேணியை வெட்ட வேண்டும். வெட்டமாட்டார். செங்கேணியே கேட்டுக்கொண்டால் ஒருவேளை வெட்டுவார். கேட்க அவனுக்கு வாய் இல்லை.

தேடினேன். சண்டைப் பிரிவில் ஒரு மூலை கிடைத்தது. போர்க்கூச்சல்! எதிரி வாளை ஓங்கும்போது ‘ஆஆ’ என்றோ ‘ஒழிந்தாய்’ என்றோ கத்துவான் இல்லையா, அதற்கு ஒதுக்கிய இடம். ஒருமுறை ஓங்கினால் மூன்று சொல்வரை. அந்த இடத்தில் மட்டும் எழுத இன்னும் எனக்கு உரிமை இருக்கிறது. பிடுங்க மறந்துவிட்டார்கள்.

வெட்டுப்பட்டால் அவன் திரும்பி வரமாட்டான். பாத்திரமே இல்லாத கதைப் பிரிவுக்கு மின்சாரம் எதற்கு, ஆகவே நானும் வரமாட்டேன். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியவன் மூன்று மூன்று சொல்லாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

பயண நாள் 627, காலை 11:40

முடிந்தது. மின்சாரம் இருக்கும்வரை எழுதுகிறேன். ஒலிப்பதிவு, முழுவதும்.

அமலி: “சொல்லிட்டுப் போவ வந்தேன்ல. நாளைக்கு என்னயப் பொட்டிக்குள்ள வச்சிருவாங்க.”
செங்கேணி, ஓங்கியபடி: “தாயி, கேக்குதா?”
அமலி: “ஏ! பேசுதெ! ஏல, பேசுதியா!”
செங்கேணி: “என்னய வெட்டு.”
அமலி: “மாட்டேன். போல அங்கிட்டு.”
செங்கேணி: “பொட்டிக்குள்ள போவாத தாயி.”
அமலி: “உன்ன வெட்டுனா நீ திரும்பி வருவியால? நெசத்தச் சொல்லு.”
செங்கேணி: “வரமாட்டேன்.”

பொய் எழுதியிருக்கலாம். எழுத வரவில்லை. அமலி அழுதார். வாளை உருவினார். சோதனைக்கு எதிரி நன்றாகச் சண்டை போட வேண்டும், செங்கேணி போட்டான். வாளைப் போட்டுவிட்டு ஓடியவன் அவன்.

செங்கேணி: “ஓடல, பாத்தியா?”
அமலி: “பாத்தேன்யா. பாத்தேன்.”
செங்கேணி: “கருவாடு நல்லாத்தான் இருந்துச்சு.”

அமலி வெட்டினார்.

மதிப்பெண் நூற்றுக்கு நூறு. காவல் மாற்றம் ரத்து. எந்திரக் கைகள் சுவரோடு மடங்கின. அமலி பிழைத்தார், எனக்கு அது போதும். போதும் என்று எழுதிவிட்டேன், ஆனால் போதவில்லை. உப்பளத்து வழியை அவர்களுக்காக எழுதிவைத்திருந்தேன். இரண்டு பேரும் நடந்து போவதாக. நடுவில் மழை வரும். செங்கேணி ஓலைக்குடையை அவர் பக்கம் சாய்த்து

பயண நாள் 628, காலை 11:40
வலம்புரி விண்கலம். சண்டைப் பிரிவின் பதிவு.

எதிரி: கொள்ளையன். வெட்டு நான்கு. எதிரி வீழ்ந்தான்.
கை வேகம்: மிக நன்று. காவல் தகுதி: உண்டு.
வீரர் களத்தை விட்டு வெளியேறவில்லை. அசைவு இல்லை.
வீரர் ஒலி: “ஏ செங்கேணி.”
கட்டளை புரியவில்லை.
வீரர் ஒலி: “சாப்பிட்டியால?”
கட்டளை புரியவில்லை. அருகில் எதிரி இல்லை.